பூஜைத் தட்டில் எட்டு டேக்

எனக்கு வாய் நீளம். கல்லூரியிலேயே அந்தப் பெயரை வாங்கிவிட்டேன். வேலைக்கு வந்த பிறகு அது கூடியதே தவிரக் குறையவில்லை. சுரங்கத்துக்குள் ஓடும் வண்டிகள் ஆட்கள்மேல் ஏறாமல் தடுக்கிற கருவியைச் செய்கிறவளுக்குக் கொஞ்சம் வாய் இருந்தால் தப்பில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். நான் அதட்டி ஒரு ஆள் பிழைத்தால் அதட்டியது நல்லதுதானே.

எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் அவிநாசி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. முதலாளியின் அப்பா காலத்தில் அங்கே பம்புசெட் ஸ்டார்ட்டர் செய்தார்கள். வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், பேங்கில் இங்கிலீஷ் என்று பேசுகிற குடும்பம். மகன் பொறுப்புக்கு வந்ததும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தார். நான் இந்தக் கருவியோடு போய் நின்றேன்.

கருவி ஒன்றும் பெரிய மாயமில்லை. வண்டியின் நான்கு மூலையிலும் கம்பிச்சுருள் வைத்த பெட்டிகள் இருக்கும். அவை வண்டியைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். ஆட்கள் இடுப்பு பெல்ட்டில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு டேக் மாட்டியிருப்பார்கள். டேக் அந்தப் புலத்துக்குள் வந்தால் மஞ்சள் விளக்கு எரியும். இன்னும் நெருங்கினால் சிவப்பு. சிவப்பு வந்த கணமே வண்டி தானாகப் பிரேக் போட்டு நின்றுவிடும். டிரைவரின் டேக் மட்டும், அவர் இருக்கையில் இருக்கும்வரை, கணக்கில் வராது. சுரங்கத்துக்குள் இருட்டும் தூசியும்தான் எப்போதும். அங்கே டிரைவரின் கண்ணை நம்ப முடியாது, கேமராவையும் முழுதாக நம்ப முடியாது. காந்தப்புலத்துக்கு இருட்டும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான்.

இதில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒன்று உண்டு. மற்றவர்கள் செய்கிற கருவிகளில் சூப்பர்வைசரிடம் ஒரு சாவி இருக்கும். அதைத் திருப்பினால் கருவி கொஞ்ச நேரம் தூங்கும். நான் சாவியே வைக்கவில்லை. "சாவி குடுத்தா நாள் முழுக்க சாவியத் திருப்பித்தான் வெச்சிருப்பாங்க" என்று முதலாளியிடம் சண்டை போட்டு அதை எடுத்தேன். என் கருவியை ஏமாற்ற ஒரே வழி டேக்கைக் கழற்றுவதுதான். உயிர்மேல் ஆசையுள்ள எவனும் அதைச் செய்யமாட்டான் என்று நினைத்தேன்.

செய்தார்கள். எங்கள் கருவியை முதலில் வாங்கியது வேறு மாநிலத்தில் ஒரு சுரங்கம். மாட்டிக் கொடுத்த மூன்றாம் மாதம் நான் அங்கே போனபோது, ஆட்கள் சாப்பிடுகிற இடத்தில் ஆணி அடித்து ஆறேழு டேக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டி அடிக்கடி நின்றுவிடுகிறது, வேலை நகரவில்லை என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னார் ஒரு தொழிலாளி. என் வயதுதான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் பாஷை தெரியாதது கூடத் தடையாக இல்லை. "மூளை இருக்கா உனக்கு? வீட்ல பிள்ளைங்க இருக்குல்ல?" என்று தமிழிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு டேக்கை எடுத்து மாட்டினார். ஊர் திரும்பி அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த ஆர்டரில் அதே சுரங்கம் ஒரு லோடரையே எங்களிடம் அனுப்பிவைத்தது. நீளமாக, தரையோடு தரையாகக் கிடக்கும் வண்டி. கூரை தாழ்ந்த சுரங்கத்தில் கல்லை அள்ளுவதற்கென்று செய்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் சக்கரம் மட்டும் திரும்பாது, வண்டியே இடுப்பில் மடங்கும். மடங்குகிற பக்கத்தில் முன்பாதியும் பின்பாதியும் நெருங்கி வரும். அந்த இடைவெளியில் ஆள் நின்றால் அவ்வளவுதான். கருவியைப் பொருத்தவும் சோதிக்கவும் கோயம்புத்தூர் சந்தில் இடமில்லாததால், காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போகும் வழியில் ஒரு எண்ணெய் மில்லின் பழைய களத்தை வாடகைக்கு எடுத்தோம். தேங்காய்ப் பருப்பு காயப்போட்ட சிமென்ட் களம். அதில் ஹாலோ பிளாக் கல்லை இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கி, தகரம் போட்டுச் சுரங்கம் மாதிரி ஒன்றைக் கட்டினோம். எட்டு மாதம் அங்கேதான் எங்கள் பிழைப்பு.

கருவிப் பெட்டிகளை வண்டியில் பொருத்தியவர் எங்கள் ஃபிட்டர். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளகோவில் பக்கம் சொந்த ஊர். என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். நான் எரிந்து விழுந்தால் மற்றவர்கள் முகம் சுருங்கும். அவர் மட்டும், "செரிங்க அம்மணி, கத்தி முடிச்சுட்டீங்கன்னா சொல்லுங்க, வேலையப் பாக்கலாமுங்க" என்பார். நான் சிரித்துவிடுவேன். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டேக்கை மாட்டுவார். டீ குடிக்கக் களத்துக்கு வெளியே போனால்கூட அவர் இடுப்பில் அது இருக்கும். களத்துக்குள் டேக் இல்லாமல் யாரும் காலை வைக்கக்கூடாது என்பது என் சட்டம். முதலாளியையே ஒருமுறை வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

எட்டு மாதத்தில் எங்களுக்கே தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. அந்த வண்டியிடம் எங்களுக்குப் பயம் போய்விட்டது. தினமும் நூறு தடவை அதன் முன்னால் போய் நின்றோம். நூறு தடவையும் அது நின்றது. ஃபிட்டர் அதன் மடிப்புப் பக்கம் நடந்து போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கருவி வெற்றி என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. இரண்டு நாளில் லோடரை டிரெய்லரில் ஏற்றி அனுப்ப வேண்டும். பூஜையைக் களத்திலேயே வைத்துவிடலாம் என்றார் முதலாளி. அவரும் அவர் மனைவியும் காலையிலேயே காரில் பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று எல்லாம் கொண்டு வந்துவிட்டார்கள். வண்டியின் முன்னால் கல் அள்ளும் வாளிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார்கள். விளக்குக்கு, ஸ்டியரிங்குக்கு, நான்கு கருவிப் பெட்டிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பக்கவாட்டுக் கேமராவின் கண்ணாடிக்கு நடுவிலும் யாரோ வட்டமாகப் பொட்டு வைத்திருந்தார்கள். அதை நான் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கம்பெனியில் சேர்ந்த முதல் வருடம் ஆயுத பூஜையன்று பொட்டு வேண்டாம் என்று சொன்னதற்கு ஸ்டோர்ஸில் கொஞ்சம் பேச்சு ஓடியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் என் காதுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து பூஜை விஷயத்தில் நான் பூனை மாதிரி. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவேன். எல்லா இடத்திலும் நீளுகிற என் வாய் அந்த ஒரு இடத்தில் நீளாது.

நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஃபிட்டர் எலுமிச்சம்பழம் வைத்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நாலடி முன்னால் வர வேண்டும். அதோடு பூஜை முடிந்துவிடும். முதலாளியின் மனைவி கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்றார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

வண்டி அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, அலாரம் கத்தியது. எல்லார் இடுப்பிலும் டேக் இருந்ததே, எப்படி அசையும்? டிரைவர் மறுபடி முயன்றார். மறுபடி அலாரம்.

"வண்டிக்கே பழத்த நசுக்க மனசு வரலீங்க" என்றார் ஃபிட்டர். எல்லாரும் சிரித்தோம்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப்போகுதுங்க மேடம். அஞ்சே நிமிசம்தான் இருக்குது. ஏதாச்சும் பண்ணுங்க."

எல்லாரும் பத்தடி பின்னால் போய் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. முதலாளியின் மனைவி கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். சாமி கும்பிடுகிறவர்களைப் பின்னால் தள்ள எனக்கு நாக்கு எழவில்லை. அதைவிட எளிதான ஒன்று வாயில் வந்துவிட்டது.

"எல்லாரும் டேக்கக் கழட்டிப் பூஜைத் தட்டுல வெச்சிருங்க. அதுகளுக்கும் ஒரு பொட்டு வெச்சரலாம்."

எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. ஸ்டோர்ஸ் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். முதலாளி, அவர் மனைவி, ஃபிட்டர், மற்ற இரண்டு ஃபிட்டர்கள், ஸ்டோர்ஸ் அக்கா, என்னோடு டெஸ்டிங் பார்க்கும் பெண், நான். எட்டு டேக்கும் பித்தளைத் தட்டுக்குப் போயின. முதலில் கழற்றி வைத்தது நான்தான். கடைசியாக வைத்தவர் ஃபிட்டர். எட்டுக்கும் சந்தனம் வைத்து, தட்டை வண்டிக்கு எட்டாமல் வாசலோரம் கொண்டுபோய் வைத்தார்கள்.

வண்டி நகர்ந்தது. மூன்று பழம் நசுங்கியது. இடது பின்சக்கரத்துப் பழம் மட்டும் வழுக்கி வெளியே உருண்டுவிட்டது. ஃபிட்டர் அதைப் பார்த்தார். எட்டு மாதமாக எப்படி நடந்து போவாரோ அப்படியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், மடிப்புக்குள் போய்க் காலால் பழத்தைச் சக்கரத்தின் பக்கம் தள்ளினார். அதே நேரத்தில் டிரைவர், வலப்பக்கக் கல் சுவரில் வாழைக்கன்று உரசாமல் இருக்க ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார்.

முதலாளியின் மனைவி மணி அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் ஃபிட்டர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அவர் வாய் திறந்திருந்ததைத்தான் பார்த்தேன். கை இரண்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தன. சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. டேக் எல்லாம் தட்டில் கிடந்தன.

"நிறுத்து!" என்று கத்தினேன். டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். மணி நின்றது. அப்போதுதான் ஃபிட்டரின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

அவர் இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு பாதிக்கும் நடுவில் இருந்தது. காலை எடுக்க வேண்டுமென்றால் வண்டியை மறுபடி கிளப்பி எதிர்ப்பக்கம் மடக்க வேண்டும். கையால் தள்ளி அசைகிற வண்டி இல்லை அது. டிரைவர் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கமுங்க மேடம்? எந்தப் பக்கம் திருப்பட்டுமுங்க?"

அந்த வண்டியின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன் நான். எந்த போல்ட் எங்கே என்று சொல்வேன். அப்போது எனக்கு வலது எது, இடது எது என்று தெரியவில்லை. உண்மையாகத் தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் இன்னும் இறுகும் என்பது மட்டும் தெரிந்தது.

ஃபிட்டர்தான் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு, "வலதுங்க... வலதுக்குத் திருப்புப்பா" என்றார். டிரைவர் திருப்பினார். நாங்கள் அவரை வெளியே இழுத்தோம்.

காங்கேயம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். பல்லடம் வரும்வரை அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். கருவியைப் பற்றித் தவிர எனக்கு எதுவும் பேசத் தெரியாது என்பது அன்றுதான் புரிந்தது. மாலையில் டாக்டர் வெளியே வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டோம், உயிருக்கு ஆபத்தில்லை என்றார். ஃபிட்டரின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் களத்துக்குப் போனேன். யாரும் எதையும் எடுக்கவில்லை. பூஜைத் தட்டில் எட்டு டேக்கும் சந்தனத்தோடு கிடந்தன. எட்டிலும் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஒன்றில்கூடப் பழுதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவைத் திறந்தேன். அந்த நேரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் டேக் எத்தனை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதன்படி பார்த்தால் களத்தில் ஒருவருமே இல்லை. டிரைவர் என் பின்னால் நின்று, "கேமரா ஸ்கிரீன் பூரா மஞ்சளாவே இருந்துச்சுங்க மேடம், ஒண்ணுமே தெரியலீங்க" என்று ஐந்தாறு தடவை சொன்னார். சந்தனம்தான் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

விபத்து எப்படி நடந்தது என்று எழுதித் தரும்படி சுரங்கத்திலிருந்து கேட்டார்கள். காயம்பட்டவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் என்னோடு நின்றவர்.

"டேக் போட்டிருக்கலைன்னு எழுதுங்க மேடம். அது போதுமுங்க. பொய் இல்லீங்களே?"

பொய் இல்லைதான். விபத்து நடந்தபோது ஃபிட்டர் டேக் அணிந்திருக்கவில்லை. கருவி சரியாக இயங்கியது. பக்கவாட்டுக் கேமரா மறைக்கப்பட்டிருந்தது. எழுதிப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் அந்தத் தாளில் இருந்த ஆள் கவனமில்லாத ஒருவர், என் சட்டத்தை மதிக்காதவர். நானோ அதில் எங்குமே இல்லை. கழற்றச் சொன்னது நான் என்று எழுதினால் வேலை போகும், இனி எந்தச் சுரங்கத்திலும் யாரும் என் பேச்சைக் கேட்கமாட்டார்கள். எழுதாவிட்டால் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட டேக்கை மறக்காதவர்மேல் பழி விழும். இரண்டு நாள் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் அதை அப்படியே எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பகல் பார்வை நேரம். ஃபிட்டரின் மனைவி ஸ்டூலைத் துடைத்து, "உக்காருங்க" என்றார். ஃபிட்டர் தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தாளைப் படித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

முடித்ததும், "எல்லாஞ் செரிதானுங்க அம்மணி. ஒண்ணு மட்டும் உட்டுப்போச்சுங்க" என்றார்.

"என்னதுங்ணா?"

"நீங்க கழட்டச் சொன்னதுங்க. அது வரலீங்களே."

குரலில் கோபம் இல்லை. நான் ஏதோ அவசரத்தில் மறந்துவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். அவர் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவருக்கு இது தெரியாது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. தாளை மடியில் வைத்து, அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்: எல்லாரையும் டேக்கைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னது நான். சொன்னதால்தான் கழற்றினார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன். அவரிடம் படித்துக் காட்டினேன். அவரும் போட்டார்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. அன்று அங்கே நின்ற யாருக்குமே தப்பென்று படவில்லை, எல்லாருக்கும்தான் புத்தி மழுங்கிப்போனது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அதற்காகத்தான் கேட்டேன்.

"ஏனுங்ணா, நான் கழட்டச் சொன்னப்ப உங்களுக்கும் ஒண்ணும் தோணலீங்களா?"

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். என் மனம் நோகக்கூடாது என்று வார்த்தை தேடுகிறார் என்று தெரிந்தது.

"தோணுச்சுங்க அம்மணி" என்றார். "வேண்டாமேன்னு தோணுச்சுங்க. ஆனா, நீங்களே சொல்றீங்களேன்னுதான் கழட்டுனனுங்க."